ஆய்வேட்டை எழுதுவது மாணவரா, ஜெராக்ஸ் கடையா? செஞ்சிக்கு ஏன் வேண்டும் ஓர் எழுத்து மையம்?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலுக்குப் போய்ப் பாருங்கள். எதிர்ச்சாரியில் கண்டிப்பாக ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். ‘புராஜெக்ட் டைப்பிங், ஸ்பைரல் பைண்டிங், பிளேஜியரிசம் செக்’ என்று ஃப்ளெக்ஸ் தொங்கும். உள்ளே, கையில் பென்டிரைவோடு முதுகலை இறுதியாண்டு மாணவர்கள். டைப்பிங்குக்கு ஒரு ரேட். கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் ‘கன்டென்ட்’டும் போட்டுத் தருகிற கடைகள் உண்டு. போன வருஷம் வேறொருவர் சமர்ப்பித்த புராஜெக்ட்தான். ஊர்ப் பெயரும் ஆண்டும் மட்டும் மாறியிருக்கும்.

இதைச் சொன்னதும் “இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்கவே மனசு இல்ல” என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒருவரிடம், ‘நீங்களே கண்டுபிடித்த ஒன்றை 60 பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்கிறோம். அதை எப்படி எழுதுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அந்த இடைவெளியில்தான் கடை திறந்திருக்கிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த இடைவெளிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. பெயர், ‘ரைட்டிங் சென்டர்’. தமிழில் எழுத்து மையம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் முதுகலை மாணவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் உதவித்தொகை கொடுத்து அமர்த்துவார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் புழங்கி, ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவர்கள் வேலை. அப்படி ஒரு ‘ஃபெல்லோஷிப்’ நமக்கு வேண்டும், அதுவும் செஞ்சி மாதிரி ஒரு ஊருக்கு முதலில் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

செஞ்சி ஏன்?

2025 ஜூலை 11ஆம் தேதி, பாரிஸில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் இங்கே. ஊரில் சந்தோஷம்தான். கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. கோன் மரபினர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டை. நாயக்கர்கள் பெருக்கிய கோட்டை. பீஜப்பூர் சுல்தான் படை, 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை. தேசிங்கு ராஜா கதையை இன்றைக்கும் பாட்டிமார் சொல்கிறார்கள். இத்தனையையும் ஒரே ஒரு பெயருக்குள் அடைக்கலாமா?

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதிலை மேடையில் பேசினால் போதாது. உலகம் வாசிக்கும் வடிவத்தில் எழுத வேண்டும். செஞ்சியின் முழு வரலாறு என்றால் இன்றும் ஆய்வாளர்கள் கையில் எடுப்பது சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதிய ஆங்கில நூலைத்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. எண்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அடுத்த நூலைச் செஞ்சியில் பிறந்த ஒரு பெண்ணோ பையனோ எழுத வேண்டாமா? (சீனிவாசாச்சாரிக்கே நாராயணன் பிள்ளை தமிழில் எழுதிவைத்த கர்நாடக ராஜாக்கள் சரித்திரம்தான் ஓர் ஆதாரம். அதாவது தமிழில் எழுதியவர் அடிக்குறிப்பில் இருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியவர் அட்டையில் இருக்கிறார்.)

இப்போதைய நிலவரம் என்ன? செஞ்சிக்கு ரயில் கிடையாது. அரசு கலை அறிவியல் கல்லூரி அண்மை ஆண்டுகளில்தான் வந்தது. அதற்கு முன்பு திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பஸ் பிடித்துத்தான் படித்தார்கள். பல்கலைக்கழகக் கதை இன்னும் சிக்கல். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் வேலூரில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்துக்கென்றே ஜெ.ஜெயலலிதா பெயரில் தனிப் பல்கலைக்கழகம் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதும் அதே ஆண்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். எது சரி என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால், செஞ்சியிலிருந்து சிதம்பரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். பல்கலைக்கழகம் என்பது அவருக்கு ஹால் டிக்கெட்டிலும் மார்க் ஷீட்டிலும் வரும் ஒரு முத்திரை.

எழுத்து மையத்தில் அப்படி என்ன நடக்கும்?

இலக்கணப் பிழை திருத்தித் தரும் இடம் என்றுதான் பலர் நினைப்பார்கள். அமெரிக்காவிலேயே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1984இல் ஸ்டீபன் நார்த் என்ற பேராசிரியர் கொஞ்சம் கோபமாகவே ஒரு கட்டுரை எழுதினார்: கட்டுரையைச் சரிசெய்வது எங்கள் வேலை இல்லை, எழுதுகிறவரை வளர்ப்பதுதான் வேலை என்று. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்ப்போம். செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளி, தமிழ்வழி. இப்போது எம்.காம். இறுதியாண்டு. புராஜெக்ட் தலைப்பு, செஞ்சி வாரச் சந்தையில் ஆடு விற்பனை. வெள்ளிக்கிழமை கூடுகிற சந்தை. தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் வந்தால் கோடிக்கணக்கில் விற்பனை என்று நாங்கள் செய்தி போடுவோமே, அதேதான்.

அவர் எழுதிக்கொண்டு வந்திருக்கும் முதல் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. விவசாயம் இந்தியாவின் முதுகெலும்பு என்று தொடங்குகிறது. சந்தைப்படுத்தலின் இலக்கணம் வருகிறது. இடைத்தரகர்கள் விவசாயிகளைச் சுரண்டுகிறார்கள் என்று வருகிறது. எல்லாம் எங்கிருந்தோ எடுத்தது. செஞ்சி என்ற சொல் நான்காம் பக்கத்தில்தான் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறது.

எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவரும் இதே போல அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்தான். பேப்பரை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறார்: “சந்தையில நீ என்னம்மா பாத்த?”

“விடிகாலைலயே வந்துடுறாங்கக்கா. தரகர் இல்லாம ஆடு கை மாறாது. வாங்குறவர் முழுப் பணமும் அப்பவே தர மாட்டார். மீதிக்குத் தரகர்தான் பொறுப்பு. அவர் வாங்கித் தரலைன்னா அடுத்த வாரம் அவர்கிட்ட யாரும் ஆட்டக் கொண்டார மாட்டாங்க.”

“அப்படின்னா தரகர் சுரண்டுறார்னு எழுதியிருக்கியே?”

“...புக்ல அப்படித்தானக்கா இருந்துச்சு.”

அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. பாடப்புத்தகத்தின் ‘மிடில்மேன்’ வேறு, செஞ்சிச் சந்தையின் தரகர் வேறு. இவர் கமிஷன் வாங்குகிறார், அதோடு கடனுக்கு ஜாமீனும் நிற்கிறார். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் என்ன சொல் போடுவது? ‘புரோக்கர்’ போடலாமா, இல்லை ‘தரகர்’ என்றே சாய்வெழுத்தில் போட்டு ஒரு பத்தியில் விளக்கலாமா? அதைத் தீர்மானிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தில் தமிழில் பேசி, தமிழில் கிறுக்கி, பிறகு நான்கு வரி ஆங்கிலம் எழுதுகிறார். இலக்கணப் பிழை இரண்டு இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நான்கு வரி இதுவரை யாரும் எழுதாதது.

இதைச் செய்ய இங்கிலீஷ் வாத்தியார் வேண்டும் என்பதில்லை. அந்த மாணவியின் தமிழ் புரிகிற, ஆய்வு எழுதுவதென்றால் என்னவென்று சமீபத்தில் தானே பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்கு முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களைத் தேடுகிறார்கள்.

நியூயார்க்கில் கதவு திறந்தபோது

எழுத்து மையங்கள் பணக்காரப் பல்கலைக்கழகங்களின் ஆடம்பரம் என்று தோன்றலாம். அவை அமெரிக்காவில் பரவியதன் பின்னணி வேறு மாதிரி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் ஒரு பெரிய முடிவெடுத்தது. நகரத்தில் பள்ளிப் படிப்பு முடித்த எல்லோருக்கும் அதன் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் இடம். அதுவரை கல்லூரி வாசல் பார்க்காத கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ, குடியேறிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பேராசிரியர்கள் அவர்களின் கட்டுரைகளைப் பார்த்து மிரண்டார்கள். ‘இவர்களுக்கு எழுதவே வராது’ என்று கை விரித்தவர்கள் பலர்.

சிட்டி கல்லூரியில் மினா ஷாக்னசி என்ற ஆசிரியர் மட்டும் அந்தக் கட்டுரைகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். சுமார் 4,000 கட்டுரைகளை அலசி, 1977இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டது இதுதான்: மாணவர்கள் கண்டபடி பிழை விடவில்லை. ஒவ்வொரு பிழைக்கும் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கைப் புரிந்துகொண்டால் பாடம் நடத்தலாம். அதே நகரத்தில் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி என்பவர், ஆசிரியரிடம் போகக் கூச்சப்படும் மாணவர்கள் சக மாணவரிடம் மனம்விட்டுப் பேசுவதைக் கவனித்து, மாணவர்களையே எழுத்துத் துணையாகப் பயிற்றுவித்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த 1994இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் எழுத்து மையம் தொடங்கியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கதவைத் திறந்துவிட்ட இடங்களில்தான் இது தேவைப்பட்டிருக்கிறது.

தமிழ்நாடு திறக்காத கதவா? உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாட்டுக்கு 28.4%, நமக்கு 47%. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5% ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். நான் இந்தத் திட்டங்களைப் பற்றி டெஸ்க்கில் உட்கார்ந்து எத்தனை செய்தி எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நல்ல திட்டங்கள். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. எழுதுகிற வேலை தொடங்குவதோ அதற்குப் பிறகு.

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னது

‘பல மொழி பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவது’ என்பது இன்று உலக அளவில் தனி ஆய்வுத் துறை. அதன் முன்னணிப் பெயர்களில் ஒன்று ஒரு தமிழருடையது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1990களின் நடுவில், போர்ச்சூழலில், அமெரிக்கா போனார். போய்ச் சேர்ந்தது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பரூக் கல்லூரி. மேலே சொன்ன அதே பல்கலைக்கழகம். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம். ஆங்கிலம் கற்பிப்போருக்கான முக்கிய ஆய்விதழான ‘டெசோல் குவார்ட்டர்லி’க்கு ஆசிரியராகவும் இருந்தார்.

அவரது 2002ஆம் ஆண்டு நூல், ஆய்வெழுத்தின் உலக அரசியலைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் காகிதமும் தபாலும் அரிதாக இருந்த நாட்களில், அங்கிருந்த ஆய்வாளர்கள் மேற்கத்திய இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பப் பட்ட பாடு அதில் வருகிறது. அறிவு இருந்தது, தரவு இருந்தது. அந்த இதழ்கள் எதிர்பார்க்கும் வடிவத்தில் எழுதி அனுப்ப வழியில்லை. அதனால் அந்த அறிவு உலகத்தின் கணக்கில் ஏறவில்லை.

இன்னொன்றும் அவர் தொடர்ந்து வாதாடுகிறார். பல மொழிக்காரருக்கு மற்ற மொழிகள் இடைஞ்சல் இல்லை, கைமுதல். மொழிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவைத்தால்தான் பிரச்சினை. நம்மூர் மணிப்பிரவாளத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். எனக்கு மணிப்பிரவாளத்தின் மேல் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால், கலந்து எழுதுவது நமக்குப் புதிதில்லை என்ற வரையில் அவர் சொல்வது சரி.

ஆதாரத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். அங்கே சுமார் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறிய கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றியது. தமிழ் ‘ஐ’ எழுத்தின் வரலாற்றைப் பேசுபவர்கள் தவறாமல் வந்து நிற்கும் இடம். நாட்களின் எண்ணிக்கை தமிழில் இருக்கிறது. நோன்புக்கும் நினைவிடத்துக்கும் சமணரின் வடசொற்கள், தமிழ் எழுத்தில். அதை எழுதியவர் இரண்டு மொழி தெரிந்த ஆள். எந்தச் சொல்லை எந்த மொழியில் வைப்பது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அருகே தளவானூர்க் குடைவரையில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டு, சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும். கோட்டைக்குள் 18ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசலில் பாரசீகம். இன்றைக்கும் செஞ்சிக் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கேட்கும். இந்த ஊர்ப் பிள்ளையிடம் போய், ‘உனக்கு மொழி வராது’ என்று சொல்வது வேடிக்கைதான்.

தமிழிலேயே எழுதினால் என்ன?

எழுதலாமே. எழுத வேண்டும். ஆங்கிலவழிப் படிப்பானாலும் மாணவர்கள் தேர்வைத் தங்கள் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் கடிதம் எழுதியது. ஆனால் தமிழில் எழுதுவதென்றால் தானாக வந்துவிடும் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

செஞ்சிப் பக்கம் வேர்க்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்பார்கள். விவசாயியிடம் பேட்டி எடுக்கும்போது அது மல்லாட்டை. தமிழில் ஆய்வேடு எழுதினால் நிலக்கடலை. ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட்நட்’. ஒரு சொல்லுக்கு மூன்று மாடி ஏற வேண்டியிருக்கிறது. பேச்சுமொழியும் எழுத்துமொழியும் இப்படி விலகி நிற்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே தமிழும் குறிப்பிடப்படுகிறது. அமெரிக்காவுக்குப் போகும் சீன மாணவருக்கோ கொரிய மாணவருக்கோ போட்ட திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால் வேலை செய்யாது என்பதற்கு இதுதான் காரணம். நம் எழுத்து மையம் ஆங்கிலத்துக்கு உதவுகிற அளவுக்குத் தமிழ் உரைநடைக்கும் உதவ வேண்டும். ஆங்கிலவழியில் படித்துவிட்டு ஒரு பத்தி தமிழ் எழுதத் திணறும் மாணவர்களும் வரிசையில் நிற்பார்கள். என் ஊடகவியல் வகுப்பில் பாதிப் பேர் அந்த ரகம்.

யார் செய்வது, எவ்வளவு செலவாகும்?

இந்தியாவில் முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. ஹரியானாவில் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கும் தகவல் தொடர்புக்கும் தனி மையம் இருக்கிறது. ஆனால் அது தனியார் பல்கலைக்கழகம். அங்கே கட்டும் கட்டணத்தைச் செஞ்சியில் கேட்டால் தலை சுற்றும். தேவை அதிகம் உள்ள இடம் ஒன்று, வசதி இருக்கும் இடம் வேறொன்று.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இதற்கு விதி இடம் தருமா? தருகிறது. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள், ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் துறை சார்ந்து கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் அவர்களுக்குக் கற்பித்தல் உதவிப் பணி தரலாம் என்றும் சொல்கின்றன. இதைப் பயன்படுத்தி எழுத்து மேசை போட யாரும் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் விழுப்புரம் மாவட்டத்துக்கு மட்டும் 12 பேர். வாரம் 6 மணி நேரம். மாதம் 8,000 ரூபாய், 10 மாதம். மொத்தம் 9,60,000 ரூபாய். மாணவருக்கு ஒரு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 72 சந்திப்பு. 30 வாரத்தில் 2,160. ஒரு சந்திப்புக்கு ஏறக்குறைய 444 ரூபாய் ஆகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி ஊரறிந்தது. 2013இல் அரசு எடுத்துக்கொண்டதே அதனால்தான். எனவே இந்தப் பணம் பல்கலைக்கழகக் கல்லாவிலிருந்து வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாநில உயர்கல்வித் துறைக்கு இது கையடக்கமான தொகை.

ஒரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் அரசுக் கல்லூரிகள் பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே வண்டி ஓட்டுகின்றன. ‘எழுத்து ஃபெல்லோ வந்துவிட்டாரே, அவரே கிளாஸும் எடுக்கட்டும், விடைத்தாளும் திருத்தட்டும்’ என்று ஒரு முதல்வர் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அப்படி ஆனால் இது இன்னொரு குறைந்தகூலி வேலையாகிவிடும். ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்: வகுப்பு எடுக்கக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது. மதிப்பெண் போடும் ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் எந்த மாணவியும் “புக்ல அப்படித்தானக்கா இருந்துச்சு” என்று உண்மையைச் சொல்ல மாட்டார்.

அதான் சாட்ஜிபிடி இருக்கே?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பத்தே நொடியில் பிழையில்லாத ஆங்கிலம் கிடைக்கும்போது ஆள் எதற்கு?

என் வேலையில் நானும் தினமும் ஏஐ கருவிகளோடுதான் புழங்குகிறேன். அவற்றை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கற்பனை மாணவி ‘ஆட்டுச் சந்தையில் தரகர் பங்கு’ என்று கேட்டால் அதுவும் முதலில் நீட்டப்போவது, பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே சுரண்டும் இடைத்தரகரைத்தான். செஞ்சித் தரகர் ஜாமீன் நிற்பதை அந்த மாணவி சொன்னால்தான் அதற்குத் தெரியும். சொல்ல வேண்டிய விஷயம் அது என்றே அவருக்குத் தெரியாதபோது எப்படிச் சொல்வார்? “நீ என்னம்மா பாத்த?” என்று யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

அபராதமும் சிறியதில்லை. 2018ஆம் ஆண்டு மானியக் குழு விதிப்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை பரவாயில்லை. 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு தடை. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த விதியைக் கறாராக அமல்படுத்தும் நாம், மாணவர் தன் சொந்த வாக்கியத்தை எழுதுவதற்கு என்ன செய்து கொடுத்திருக்கிறோம்? காப்பியடிப்பதில் திருட்டுப் புத்தியும் இருக்கலாம். தன் ஆங்கிலத்தைக் காட்டினால் கேலி செய்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு இரண்டும் ஒரே நிறத்தில்தான் தெரியும்.

செஞ்சியில் இதைத் தொடங்கப் பெரிய கட்டடம் வேண்டாம். கல்லூரி நூலகத்தில் ஒரு மூலை, இரண்டு நாற்காலி, கறுப்புப் பலகை போதும். கிராமங்களுக்குக் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும் என்பதால் நேரம் மதியத்துக்குள் இருக்க வேண்டும். ஃபெல்லோக்களில் ஒருவராவது வரலாற்றுத் துறையிலிருந்து வர வேண்டும். யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பிறகு கோட்டையைப் பற்றி எழுத ஆசைப்படும் மாணவர்கள் கூடத்தான் போகிறார்கள். உருது தெரிந்த ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. முக்கியமாக, மேசை போடும் மாதம். பிப்ரவரியில் போட்டால் கமாவும் முற்றுப்புள்ளியும் திருத்தத்தான் நேரம் இருக்கும். புராஜெக்ட் தலைப்பு முடிவாவதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே போட்டுவிட வேண்டும்.